மெருகு மறைப்பதற்கா, காப்பதற்கா?

சரக்கை அழகுபடுத்தி வைப்பது வியாபாரியின் உரிமை. அதன் குறையை மூடி வைப்பது குற்றம். இவ்விரண்டையும் ஒப்புக்கொள்ளாதார் நம் சகோதரர்களில் எவருமிலர். ஆயினும், அழகுபடுத்தல் எங்கே முடிகிறது, மூடிவைத்தல் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் தயங்காமல் விடை சொல்லக் கூடியவர் சிலரே. நெடுநாள் வரை நாமும் அச்சிலரைச் சேர்ந்தவர் என்றே எண்ணியிருந்தோம். கையில் பிரஷ்ஷைப் பிடித்து, மேசைப் பலகையொன்றின் மேல் நீர் மெருகு பூசத் தொடங்கிய பிறகுதான் அவ்வெண்ணம் தவறு என்பது தெரிந்தது. அந்தப் பாடத்தை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்முடையது வீட்டுச் சாமான்கள் விற்கும் சிறு கடை. சில ஆண்டுகளுக்கு முன், மெருகிடாத மேசை நாற்காலிகளைத் தச்சுப் பட்டறையிலிருந்து மலிவாக வாங்கி, கடையின் பின்கட்டில் நாமே மெருகிட்டு விற்றால் கையில் நாலு காசு கூடுதலாக நிற்கும் என்று கணக்குப் போட்டோம். வாங்கியதெல்லாம் ரப்பர் மரச் சாமான்கள். இந்த மரத்தைப் பற்றித் தமிழருக்கு அறிமுகம் வேண்டுவதில்லை. நம் முன்னோர் தலைமுறையில் எத்தனையோ தமிழ்க் கைகள் விடியற்காலை இருட்டிலே பால் வெட்டிய மரம் அது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முற்காலத்தில் விறகாக எரித்தார்கள். 1980-களிலிருந்து அதே மரம் பலகையாகி, மேசையாகி, கட்டிலாகிக் கப்பலேறத் தொடங்கியது. ஜொகூர் மாநிலத்து மூவார் நகரம் இத்தொழிலால் பேர்பெற்றது.

ரப்பர் மரம் வெளிர் நிறமுடையது. இழைத்தால் வழவழப்பாக வரும். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டியவுடன் பக்குவம் செய்யாவிட்டால் நீலக் கறை படரும். வண்டு துளைத்துப் பொடியாக உதிர்க்கும். ஆகவேதான் வெட்டிய சில நாட்களுக்குள் போரான் உப்புக் கரைசலை மரத்துக்குள் ஏற்றி, சூளையில் வைத்து உலர்த்துகிறார்கள். முறையாகப் பக்குவம் செய்த பலகையும், அரைகுறையாகச் செய்த பலகையும் மெருகேறிக் கடையில் நிற்கும்போது பார்வைக்கு ஒன்றே. நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இங்கேயே முளைவிட்டு விடுகிறது.

நீர் மெருகின் குணம்

பழைய வார்னிஷ் எண்ணெயும் பிசினும் கலந்தது. வாடை தூக்கும், காய ஒரு நாளாகும், ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளிக்கும். இப்போது பலரும் விரும்பிக் கேட்கும் நீர் மெருகோ வேறு வகை. அக்ரிலிக், பாலியூரிதேன் போன்ற செயற்கைப் பிசின்கள் கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களாக நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. டின்னைத் திறந்தால் பால் போல வெளுத்திருக்கும். பூசியபின் நீர் ஆவியாகிப் போகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, ஒட்டி, ஒரே ஏடாகி விடுகின்றன. அப்போது வெண்மை மறைந்து கண்ணாடி போலத் தெளிகிறது. வாடை குறைவு, மஞ்சளிப்பதில்லை, பிரஷ்ஷைச் சவர்க்காரம் போட்டுத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம்.

நமக்கு இவ்வேலையைக் கற்றுக் கொடுத்தவர் ஒரு வயதான சீனத் தச்சர். மெருகிடுமுன் பலகையை ஈரத் துணியால் துடைத்துப் பார்க்கும்படி அவர் முதல் நாளே சொன்னார். நீர் பட்டதும் மரத்தின் நார்கள் சிலிர்த்து எழுகின்றன. அவற்றை முன்கூட்டியே எழுப்பி, காயவிட்டு, 220-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து அடக்கிவிட்டால், பிறகு மெருகின் ஈரத்தில் அவ்வளவாக எழா. தூசியை எண்ணெய்ப் பிசுக்கில்லாத துணியால் துடைக்க வேண்டும். பிசுக்குப் பட்ட இடத்தில் மெருகு ஒட்டாமல் குழி குழியாக விலகும். பன்றி மயிர்ப் பிரஷ் இதற்கு ஆகாது. அது தண்ணீரைக் குடித்துத் தளர்ந்துவிடும். நைலான் பிரஷ்ஷே ஏற்றது. டின்னைக் குலுக்கினால் குமிழி கிளம்பும். மெதுவாகக் கிண்டவே வேண்டும். மங்கலான மெருகாயின் மங்கச் செய்யும் பொடி அடியிலே தங்கியிருக்கும்; கிண்டாமல் பூசினால் முதல் மேசை பளபளக்கும், கடைசி மேசை சாம்பல் பூத்துக் கிடக்கும்.

பிரஷ்ஷை முதலில் நீரில் நனைத்துப் பிழிந்துவிட்டு, மெருகில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தோய்த்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலே மெல்லிதாக இழுக்க வேண்டும். இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகக்கூடாது. அது விரைவில் இறுகத் தொடங்குவதால், அழகுபடுத்துகிறேன் என்று மீண்டும் தடவினால் பிரஷ்ஷின் கோடு அப்படியே உறைந்து நிற்கும். இரண்டு மணி நேரம் கழித்து 320-ஆம் எண் தாளால் இலேசாகத் தேய்த்து அடுத்த பூச்சு. இப்படி மூன்று அல்லது நான்கு பூச்சு. மழை நாளில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் இன்னும் பொறுக்க வேண்டும். இடையே இரும்பு நார் கொண்டு தேய்க்கலாகாது. அதன் தூள் மரத்தில் சிக்கி, அடுத்த பூச்சின் நீர் பட்டுத் துருவேறிக் கரும்புள்ளியாகும்.

வேலை செய்யச் செய்ய ஒன்றைக் கவனித்தோம். இந்தத் தெளிந்த மெருகு எதையும் மறைப்பதில்லை. மாறாக, இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. வெறும் மரத்தில் கண்ணுக்குப் படாத குறுக்குக் கீறல் முதற் பூச்சிலேயே எழுந்து நிற்கிறது. மூட்டு வாயில் வழிந்த பசையைச் சரியாகத் துடைக்காவிட்டால் அவ்விடம் வெளிறித் தெரிகிறது. ஈரத் துணியால் துடைக்கச் சொன்ன தச்சர், நார் எழுவதற்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. நனைந்த மரம் தன் குற்றங்களையெல்லாம் தானே சொல்லிவிடும் என்பது அவர் கருத்து.

இதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். இவ்வளவு நேர்மையான பொருளைக் கொண்டு தொழில் செய்கிறவர் எப்படிப் பொய்யராக முடியும் என்றுகூட நினைத்தோம். ஆனால் பொருள் நேர்மையாக இருப்பது வேறு. அதைப் பூசும் கை நேர்மையாக இருப்பது வேறு.

நாம் செய்த பிழை

மூன்றாம் பூச்சு பூசி ஒரு மணி நேரத்தில் தொட்டால் காய்ந்திருக்கும். மறுநாள் தூக்கி வைக்கலாம். ஆனால் உள்ளே முழுவதும் இறுகுவதற்கு இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை ஆகிறது. அதுவரை சூடான பாத்திரமோ, ஈரத் துணியோ, நாட்கணக்கில் அழுத்திக் கிடக்கும் விரிப்போ பட்டால் வடு விழும். இது நமக்குத் தெரியும். டின்னின் மேலேயே அச்சிட்டிருக்கிறது.

ஒரு நாள் ஓர் இளைஞர் வந்தார். ஐந்து நாளில் தங்கைக்கு நிக்காஹ். வீட்டில் விருந்து வைக்கப் பெரிய மேசை வேண்டும் என்றார். நாம் முதல் நாள் மாலையில் கடைசிப் பூச்சு பூசிய மேசை முன்னால் நின்றது. அவருக்குப் பிடித்துவிட்டது.

“காக்கா, நல்லாக் காஞ்சிருச்சா?” என்று கேட்டார்.

“தொட்டுப் பாருங்க தம்பி” என்றோம்.

அவர் உள்ளங்கையால் பலகையை நீளத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பணத்தைக் கொடுத்து ஏற்றிச் சென்றார்.

பத்து நாள் கழித்து மேசையோடு திரும்பி வந்தார். விருந்துக்குப் பிளாஸ்டிக் விரிப்பு விரித்திருக்கிறார்கள். அதன்மேல் சோற்றுப் பாத்திரங்களை வைத்திருக்கிறார்கள். விரிப்பை எடுத்தபோது பல இடங்களில் மெருகும் கூடவே உரிந்து வந்துவிட்டது. பாத்திரம் இருந்த இடங்களில் வட்ட வட்டமாக வெள்ளை வடு. அவர் சத்தம் போடவில்லை. “நீங்க தொட்டுப் பாக்கச் சொன்னீங்க, தொட்டுப் பாத்தேன்” என்று மட்டும் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஐந்தொகையில் அது ஒரு வரியோடு முடிந்துவிட்டது. அவர் சொன்ன சொல் மட்டும் முடியவில்லை.

குற்றம் எங்கே?

அன்றிரவு நாம் நம்மையே வழக்குமன்றத்தில் நிறுத்திக் கேட்டுப் பார்த்தோம். நாம் பொய் சொன்னோமா? ஒரு சொல்லும் பொய்யன்று. மரம் கெட்டதா? இல்லை. மெருகு போலியா? இல்லை, அது தன் இயல்புப்படியே நடந்தது. பிறகு குற்றம் எங்கே இருந்தது?

அவருடைய கேள்விக்கும் நம்முடைய பதிலுக்கும் இடையே இருந்தது. மேசை உபயோகத்துக்கு ஆகுமா என்பதே அவர் கேட்டதன் பொருள். தொட்டால் ஒட்டுமா என்பதற்கே நாம் பதில் சொன்னோம். அவர் நாடி வந்தது நம்முடைய அறிவை. நாம் கொடுத்தனுப்பியது அவருடைய அறியாமையை. அதிலும் கொடுமை, அவருடைய கையையே நமக்குச் சாட்சியாக்கிக் கொண்டோம்.

மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நம்மில் அறியாதார் இல்லை. அந்த நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருந்தும் அதில் ஒரு நுட்பத்தை நாம் கவனித்ததில்லை. தானியத்தை நனைத்தவர் அந்த வியாபாரி அல்லர்; மழை நனைத்தது. நனைந்ததை விற்கலாகாது என்றும் அவரிடம் சொல்லப்படவில்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே அவரிடம் கேட்கப்பட்டது. குறை இருப்பது குற்றமன்று. அது இருக்கும் இடத்தை மாற்றி வைப்பதே குற்றம். நம் மேசையிலும் மேலே உலர்ந்திருந்தது; உள்ளே ஈரம் இருந்தது. நாமோ மேலே தொடச் சொன்னோம்.

சில மறுப்புகள்

இதை நண்பர்களிடம் சொன்னபோது அவர்கள் சில நியாயங்களை எடுத்துரைத்தார்கள். அவற்றைத் தள்ளிவிட முடியாது.

முதலாவது: “பழக்கடைக்காரர் நல்ல பழத்தைத்தான் மேலே அடுக்குகிறார், துணிக்கடைக்காரர் விளக்கு வெளிச்சத்தில்தான் விரித்துக் காட்டுகிறார். அலங்காரம் செய்யாமல் வியாபாரம் உண்டா?” உண்மை. அலங்காரத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அலங்காரத்தையும் மறைப்பையும் பிரிக்க ஓர் எளிய சோதனை உண்டு. இந்த வேலையை, வாங்குகிறவர் பக்கத்தில் நின்று பார்க்கும்போது செய்வோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வதுதான் அது. உப்புத்தாள் தேய்ப்பதை அவர் பார்க்கலாம். பார்த்தால் நம்மேல் மதிப்பே கூடும். வண்டு துளைத்த ஓட்டையில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கிறோம்; அவர் பார்க்க அடைத்தால் அது செப்பனிடுதல். கதவைச் சாத்திக்கொண்டு அடைத்து, அதன்மேல் நிறம் கலந்த மெருகைப் பூசினால் அது மோசடி. கை ஒன்றே, பசையும் ஒன்றே. வேறுபாடு கதவில் இருக்கிறது. பழக் குவியலைக் கிளறிப் பொறுக்கிக்கொள்ள வாங்குகிறவரை விடுகிறவர் கதவைத் திறந்து வைத்தவர். கட்டிய பையின் அடியில் அழுகலை வைப்பவர் சாத்திக்கொண்டவர்.

இரண்டாவது: “குறைக்கு ஏற்ப விலையைக் குறைத்து விட்டோமே, பிறகென்ன?” இது நமக்கும் பழக்கமான ஆறுதல்தான். ஆனால் விலைக் குறைப்பு என்பது ஒரு செய்தி. படிக்கத் தெரிந்தவருக்கே அது செய்தியாகும். குறையை அறியாதவர் அதை நம் தாராளம் என்று எண்ணி நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். செலுத்தாத கடனுக்கு நன்றியும் பெற்றுக்கொள்வது இரட்டைத் தவறு. மேலும், அந்த இளைஞர் இழந்தது மேசையின் விலையை மட்டுமன்று. விருந்தாளிகள் முன்னே விரிப்பைத் தூக்கிய நேரத்தில் அவருக்கு நேர்ந்த சங்கடத்துக்கு எந்தத் தள்ளுபடி ஈடாகும்?

மூன்றாவது மறுப்பே கடினமானது: “கேளாததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ஒவ்வொரு கணுவையும் ரேகையையும் விவரித்தால் கடை சாத்தும் நேரம் வந்துவிடும்.” இதற்கு நாம் கண்ட விடை முழுமையானது என்று சொல்லோம், ஆயினும் நடைமுறைக்கு உதவுகிறது. கண்ணும் கையும் கண்டறியக் கூடியதை அறிந்துகொள்வது வாங்குகிறவர் பொறுப்பு. வேலை செய்தவர் ஒருவருக்கே தெரிந்ததைச் சொல்வது விற்கிறவர் பொறுப்பு. கணு கண்ணுக்குத் தெரிகிறது. அதைச் சொல்ல வேண்டுவதில்லை. கடைசிப் பூச்சு என்றைக்குப் பூசியது என்பதை உலகத்தில் எந்தக் கையும் தடவிக் கண்டுபிடிக்காது. அது நம்மிடம் மட்டுமே இருக்கும் அறிவு. ஆகவே அது நம்மிடம் உள்ள அமானிதம்.

அடிப்பக்கத்தின் கதை

மேசையின் அடிப்பக்கத்தை வாங்குகிறவரில் நூற்றுக்கு ஒருவர்கூடக் குனிந்து பார்ப்பதில்லை. அங்கே பூசாமல் விட்டால் அரை மணி நேரமும் கொஞ்சம் மெருகும் மிச்சம். ஆனால் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டே இருக்கும் பொருள். மேலே மட்டும் பூசினால் மேற்பக்கம் மெதுவாகவும், அடிப்பக்கம் விரைவாகவும் ஈரத்தை வாங்கும். பலகை வளைய வழி ஏற்படும். இரு பக்கமும் பூசினால் இரண்டும் ஒத்து நடக்கும்.

அடிப்பக்கத்தைப் பூசாமல் விட்டவர் பொய் சொன்னவரா? ஒன்றும் சொல்லவில்லையே! இங்கேதான் நாம் நமக்கென்று ஒரு விதி வகுத்துக்கொண்டோம். செய்யாததை வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூசினால் செய்துவிட வேண்டும். மூன்றாவது வழியை நமக்கு வைத்துக்கொள்ளலாகாது. அடியிலே பிரஷ்ஷின் கோடு தெரிவதைப் பற்றி நாம் சொல்வதில்லை. அதனால் எவருக்கும் நஷ்டமில்லை. பூச்சே இல்லாவிட்டால் சொல்லியாக வேண்டும். சொல்லிப் பார்த்தோம், வெட்கமாக இருந்தது. அன்று முதல் அடிப்பக்கமும் பூசுகிறோம்.

சட்டமும் சொல்லுகிறது

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்பது வாயால் சொல்லாவிட்டாலும் உத்தரவாதமே. அதே சட்டம், வாங்கச் சம்மதிக்கு முன்பே குறிப்பிட்ட ஒரு குறையை எடுத்துக் காட்டியிருந்தால், அந்தக் குறை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பொருள் தரம் கெட்டது என்று கொள்ளலாகாது எனவும் வகுத்திருக்கிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பாடு. ஆகவே, குறையைச் சொல்லி விற்கிறவருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. நம் மார்க்கச் சட்ட நூல்களும் மறைந்திருந்த குறைக்காகப் பொருளைத் திருப்பும் உரிமையை வாங்குகிறவருக்கு வழங்கியிருப்பதை ஆலிம்கள் விளக்கக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் சட்டம் ஓட்டையை அடைக்கும்; மரத்துக்குள் வைரம் ஏற்றாது. அதிகாரிக்கு அஞ்சிச் சொல்கிறவர், அதிகாரி இல்லாத இடத்தில் சொல்லமாட்டார்.

நேர்மைக்குக் கூலி

இப்போது நம் கடையில் ஒவ்வொரு மேசையின் அடியிலும் கடைசிப் பூச்சின் தேதியைச் சாக்கட்டியால் எழுதி வைக்கிறோம். வாங்க வருகிறவரிடம் அதைக் காட்டி, இன்ன நாள் வரை விரிப்புப் போடாதீர்கள், சூடான பாத்திரம் வைக்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் வந்து வெள்ளிக்கிழமைக்குள் மேசை வேண்டும் என்றார். இருந்ததோ மூன்று நாள் மேசை. உள்ளதைச் சொன்னோம். யோசித்தார், நன்றி சொன்னார், அடுத்த கடைக்குப் போய் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அங்கே வாங்கியது எத்தனை நாள் மேசையோ, யாமறியோம். நானூறு வெள்ளி வியாபாரம் கைநழுவியது. கதை எழுதுகிறவராயின், அவர் மறுவாரம் திரும்பி வந்து நம் உண்மையைப் புகழ்ந்து பத்து மேசை வாங்கினார் என்று முடித்திருப்பார். அவர் திரும்பி வரவேயில்லை.

இதை வேண்டுமென்றே எழுதுகிறோம். நேர்மையாக இருந்தால் லாபம் பெருகும் என்று சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகளைக் கடையில் உட்கார வைக்கிறோம். பல நேரங்களில் அது உண்மையே. நம்பிக்கை பெற்ற கடை நிலைக்கிறது. ஆனால் லாபம் வராத நாளில் அந்தப் பிள்ளை என்ன செய்வான்? லாபத்துக்காக மேற்கொண்ட நேர்மையும் ஒரு மேற்பூச்சே. சூடான பாத்திரம் பட்டவுடன் உரிந்துவிடும். உண்மை சொல்வது வாங்குகிறவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்றே அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கடனைச் செலுத்துகிறவர் அதற்குக் கூலி கேட்பதில்லை.

மேசை விற்கிறவருக்கு மட்டுமே உரிய விஷயமன்று இது. முதல் சலவையில் சுருங்கும் துணி, பழைய அரிசியோடு கலந்த புது அரிசி, வெளியே துடைத்து உள்ளே பழுதான மின்விசிறி என்று ஒவ்வொரு சரக்கிலும் மேலே காய்ந்து உள்ளே ஈரமான ஓரிடம் உண்டு. அது எது என்பது அந்தந்த வியாபாரிக்கே தெரியும். ஆகையால் சகோதரர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கடையைச் சாத்துமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வார்களாக: இன்று விற்ற சரக்கில், வாங்கியவர் கை கண்டறிய முடியாதது எதையேனும் நாம் அறிந்திருந்தும் சொல்லாமல் விட்டோமா? விட்டிருந்தால், விலாசம் தெரிந்தவரிடம் நாளைக் காலையே போய்ச் சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் விரிப்பை அவர் இன்னும் விரிக்காமல் இருக்கக் கூடும்.